பவளத் தொட்டி விளக்கைக் கூட்டுவதா, குறைப்பதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

திருவாரூரில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் தொட்டி இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டி வைத்தார்கள். கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "விளக்கைக் கூட்டவா, குறைக்கவா?" கேட்பதற்கு முன்பே பாதிப் பேர் கூட்டியிருப்பார்கள் என்பதுதான் வேதனை.

பவளத்துக்கு என்ன நேர்ந்தாலும் முதலில் கை போவது விளக்கின் மீது. கடைசியாகப் போக வேண்டிய இடம் அது. குறைப்பதானால் இன்றே குறைக்கலாம், பாதகம் இல்லை. கூட்டுவதானால் வாரத்துக்கு ஐந்து சதவீதம், அதற்கு மேல் வேண்டாம். இருட்டில் கிடந்த தொட்டியைப் பழைய அளவுக்குத் திருப்புவதைத் தவிர, கீழே உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் இந்த ஒரு வரி பொருந்தும்.

நான் எழுதுவது மென்பவளங்களுக்கு மட்டும்: காளான் பவளம், ஜோவாந்தஸ் (காம்பின் மேல் சிறு பூக்கள் போலக் கூட்டமாக விரிவது), தோல் பவளம். கல்பவளங்கள் அனைத்தும், அவற்றோடு கருப்புப் பவளமும் நெருப்புப் பவளமும் கடல் விசிறியும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவில் எடுத்தது, பாக் நீரிணையில் எடுத்தது என்று யாராவது ஒரு துண்டை நீட்டினால் வாங்காதீர்கள். உங்கள் தொட்டியில் அது நன்றாகப் பிழைத்தாலும் குற்றம் குற்றம்தான்.

## எதையும் தொடுவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

45 செ.மீ. ஆழமுள்ள தொட்டிக்கு விளக்கு நீர்மட்டத்திலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். நாளொன்றுக்கு மொத்தம் 9 மணி நேரம்: ஒன்றரை மணி நேரம் மெல்ல ஏற்றம், ஆறு மணி நேரம் உச்சம், ஒன்றரை மணி நேரம் இறக்கம். நீலம் மிகுதியாகவும் வெள்ளை அதில் மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தால் போதும். சதவீதத்தை மட்டும் நண்பரிடம் கேட்டு அப்படியே வைத்துவிடாதீர்கள். அவர் விளக்கின் 40 உங்கள் விளக்கில் 80-க்குச் சமமாக இருக்கலாம். பவளத்துக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பி.ஏ.ஆர். மீட்டர் யாரிடமாவது இரவல் கிடைத்தால் ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காளான் பவளம் உட்காரும் இடத்தில் 50-ஐ ஒட்டி, ஜோவாந்தஸுக்கு 80 முதல் 120, தோல் பவளத்துக்கு 100 முதல் 150 இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

மீட்டர் இல்லாதவர்கள் கைபேசியில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் செயலியை வைத்துச் சண்டை போட வேண்டாம். நீல ஒளியை அது குறைத்தே காட்டும். ஆனால் அதே விளக்கை, அதே சதவீதத்தில், அதே இடத்தில் பிடித்து மாதம் ஒரு முறை அளந்தால், விளக்கு மங்குகிறதா என்பதை அது சரியாகச் சொல்லும். அந்த ஒரு வேலைக்கு அது போதும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் விளக்கின் உச்ச நேரத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்கு வைத்தால், சித்திரை வெயிலும் விளக்குச் சூடும் ஒரே நேரத்தில் தொட்டி மேல் இறங்கும். நான் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி இரவு 11-க்கு முடிக்கிறேன். பவளத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது நாமும் தொட்டியைப் பார்க்க முடிகிறது.

பிறகு ஒரு நோட்டு. தேதி, வெப்பநிலை, உப்புத்தன்மை, விளக்கில் என்ன மாற்றினோம், தொட்டியில் வேறென்ன செய்தோம். நான் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான்.

## அறிகுறி 1: பவளம் வெளுக்கிறது

முதலில் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். காரணம் இரண்டு வழியாகப் பிரியும் இடம் அதுதான்.

மேல்பக்கம் மட்டும் வெளுத்து, நிழல் பக்கம் நிறத்தோடு இருந்தால்: வெளிச்சம் அதிகம். கடந்த இரண்டு வாரத்தில் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். "விளக்கைத் தொடவே இல்லை" என்பார்கள். உண்மையாகவே தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் மூடிக் கண்ணாடியில் மூன்று மாதமாகப் படிந்த உப்பை ஒரே நாளில் துடைத்திருப்பார்கள். பவளத்தை அடியிலிருந்து மேல் பாறைக்கு மாற்றியிருப்பார்கள். இல்லையென்றால் தண்ணீரைத் தெளிய வைக்க வடிகட்டியில் போடும் கரியை மாற்றியிருப்பார்கள்.

கரி விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாதக்கணக்கில் கரி மாற்றாத தண்ணீர் மெல்லிய மஞ்சளாகிவிடும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் வாளியில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, பக்கத்தில் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்: ஒன்று நீர்த்த டீ போலவும் மற்றது பளிங்கு போலவும் இருக்கும். அந்த மஞ்சள், நீல ஒளியை விழுங்கிக்கொண்டே இருந்தது. புதுக் கரி போட்ட மறுநாள் தண்ணீர் தெளிந்தது, பவளத்தின் மேல் விழுந்த ஒளி சட்டென்று ஏறியது. நான்காம் நாள் என் தோல் பவளத்தின் தலை தேங்காய்ப் பருப்பு நிறத்துக்கு வந்துவிட்டது. இப்போதெல்லாம் கரி போடும் அன்றே விளக்கை 15 சதவீதம் இறக்கிவிட்டு, மூன்று வாரத்தில் பழைய அளவுக்கு ஏற்றுகிறேன்.

செய்ய வேண்டியது: உச்ச அளவை இன்றே மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். நேரத்தைக் குறைக்க வேண்டாம். ஒரே ஒரு பவளம்தான் வெளுத்தது, மற்றவை நலம் என்றால் விளக்கைத் தொடாமல் கொசுவலையை மூன்று மடிப்பாக மடித்து, அதன் தலைக்கு நேர் மேலே தொட்டி விளிம்பில் போடுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு மடிப்பு என்று எடுத்துக்கொண்டே வரலாம். புதிதாக வாங்கி வந்த பவளத்தையும் நான் இப்படித்தான் பழக்குகிறேன்.

நிழல் பக்கம் உட்பட முழுவதும் வெளுத்தால்: வெளிச்சத்தின் மேல் பழி போடாதீர்கள். வெப்பநிலையைப் பிற்பகல் நான்கு மணிக்குப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு எந்தத் தொட்டியும் நல்ல பிள்ளைதான். 25 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றத் தொடங்கும். கத்திரி வெயிலில் படுகை வீடுகளில் இது ஆண்டுதோறும் நடக்கிறது.

மலிவான தீர்வு, நீர்மட்டத்தின் குறுக்கே காற்று வீசும் சிறு மின்விசிறி. இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், தினமும் ஆர்.ஓ. தண்ணீரால் ஈடு செய்ய வேண்டும். காற்றே ஈரமாக இருக்கும் ஐப்பசியில் விசிறி அவ்வளவாக எடுபடாது, அப்போது அதற்குத் தேவையும் இருக்காது. விசிறி போட்டும் 29-க்குக் கீழே வரவில்லை என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம்தான் வழி. செலவு பெரிது. அதற்கு முன் தொட்டியை மேற்குச் சுவரை விட்டு நகர்த்திப் பாருங்கள்.

வெப்பம் சரி என்றால் உப்புத்தன்மை. நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ கடல் நீர் மொண்டு வருபவர்கள் வடகிழக்குப் பருவமழையின்போது கவனமாக இருக்க வேண்டும். ஆறுகள் பெருக்கெடுத்துக் கடலில் விழும் நாட்களில் கரையோரத் தண்ணீர் நீர்த்தும் கலங்கியும் இருக்கும். ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, அதாவது ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 காட்டாத தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

இரண்டும் சரியாக இருந்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியம் காட்டினால் பவளம் பட்டினி கிடக்கிறது என்று பொருள். மீனுக்குத் தீனியைச் சற்றுக் கூட்டுங்கள். நைட்ரேட் 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5 பங்கு) அளவில் இருப்பது நல்லது.

## அறிகுறி 2: நிறம் மங்கிப் பழுப்பாகிறது, அல்லது காம்பு நீள்கிறது

காம்பு நீண்டு, ஜோவாந்தஸ் கழுத்தை எக்கிக்கொண்டு நின்றால்: வெளிச்சம் போதவில்லை. உடனே சதவீதத்தை ஏற்றாதீர்கள். விளக்கை அணைத்து ஆறவிட்டு, லென்ஸைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருக்கும் உப்பை ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடையுங்கள், சோப்பு வேண்டாம். மூடிக் கண்ணாடியையும் துடையுங்கள். துடைப்பதற்கு முன்பு ஒன்றும் பின்பு ஒன்றுமாக லக்ஸ் அளவு எடுங்கள். கால் பங்குக்கு மேல் ஏறியிருந்தால் துடைத்த கையோடு சதவீதத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் முதல் அறிகுறிக்குப் போய்ச் சேர்வீர்கள்.

லென்ஸ் சுத்தமாக இருந்தால் மேலே வளர்ந்த தோல் பவளம் குடை பிடிக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பவளத்தை ஒரு சாண் மேலே ஏற்றுங்கள். பணம் செலவில்லாத வழி அதுதான். கடைசியாகத்தான் வாரம் ஐந்து சதவீதக் கணக்கு.

நீளாமல் பழுப்பு மட்டும் ஏறினால்: பெரும்பாலும் தண்ணீரில் சத்து மிகுதி. நைட்ரேட், பாஸ்பேட் பாருங்கள். பாஸ்பேட் 0.1 பி.பி.எம்.-க்கு மேல் இருந்தால் விளக்கைத் தொடாமல் தீனியையும் தண்ணீர் மாற்றுவதையும் கவனியுங்கள்.

## அறிகுறி 3: பவளம் திறக்கவே இல்லை

இதற்கு ஒரு நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும். நீல ஒளி மட்டும் இருக்கும் முதல் ஒன்றரை மணி நேரம் விரிந்திருந்து, உச்சம் தொடங்கியதும் சுருங்கினால் வெளிச்சம் அதிகம். நீலத்திலும் திறக்கவில்லை என்றால் காரணம் வேறு: நீரோட்டம் நேராக முகத்தில் அடிக்கலாம், மீன் கொத்தலாம், ஜோவாந்தஸின் காம்பிடுக்கில் சிறு நத்தையோ இலைபோன்ற பூச்சியோ ஒட்டியிருக்கலாம். இரவு விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள்.

தோல் பவளம் மட்டும் ஒரு விதிவிலக்கு. அது அவ்வப்போது சுருங்கி, எண்ணெய் தடவியதுபோல் பளபளத்து, மேலே மெழுகுப் படலம் கட்டும். ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம்கூட அப்படியே நிற்கும். பிறகு படலம் பாலாடை உரிவதுபோல் உரிந்து போகும், உள்ளே புதுத் தோல் இருக்கும். செத்துவிட்டது என்று வெளியே எடுத்து வீசியவர்களை எனக்குத் தெரியும். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் பொறுத்திருங்கள்.

ஜோவாந்தஸைக் கையாளும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். அதன் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடவே கூடாது, ஆவியோடு நஞ்சு மூச்சில் ஏறும். கையில் வெட்டுக் காயத்தோடு தொட்டு உடம்பு தளர்ந்தாலோ, தசை வலித்தாலோ, மூச்சு இறுகினாலோ தொட்டியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். என்ன தொட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி 4: பாசி பிடிக்கிறது

பச்சை மயிர்ப்பாசி: விளக்கைக் குறைத்தால் பாசி வாடும், பவளமும் சேர்ந்து வாடும். தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறோம் என்பார்கள். கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தால் 70 காட்டும். வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் பலவற்றில் சுவைக்காக மூலத் தண்ணீரையே கொஞ்சம் கலந்துவிடும் ஒரு திருகு உண்டு. மினரல் குப்பி ஒன்றும் இருக்கும். கடலோரப் படுகையின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் உரமும் கலந்தது, அதில் ஒரு பங்கு உள்ளே வந்தாலே பாசிக்கு விருந்து. திருகை மூடுங்கள், மினரல் குப்பிக்கு முன்பே தண்ணீரைப் பிரித்தெடுங்கள். அப்போதும் 5-க்கு மேல் காட்டினால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைச் சேருங்கள்.

அடுத்தது ஜன்னல். ஆவணியில் வராத வெயில் மார்கழியிலும் தையிலும் தெற்கு ஜன்னல் வழியே சாய்ந்து உள்ளே வந்து தொட்டிமேல் விழும். எட்டு மாதம் நன்றாக இருந்த தொட்டியில் பொங்கல் சமயத்தில் மட்டும் பாசி ஏறினால் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை அந்த அறையில் போய் நில்லுங்கள். ஒரு திரைச்சீலையோடு வேலை முடிந்துவிடும்.

அதன் பிறகும் பாசி போகவில்லை என்றால் வெள்ளை ஒளியைப் பாதியாக்குங்கள், மொத்த நேரத்தை 9-லிருந்து 7-ஆகக் குறையுங்கள்.

சிவப்பு வழவழப்பு: நீரோட்டம் சாகும் மூலையில் வரும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் பம்பைத் திருப்புங்கள்.

பழுப்புக் கோழை, நூல்நூலாக, நுனியில் காற்றுக் குமிழோடு: இரவில் குறைந்து மாலையில் பெருகினால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வகை. சத்து சுழியமாக இருக்கும் தொட்டியில்தான் இது அதிகம். தண்ணீர் மாற்றினால் இன்னும் மோசமாகும். மூன்று நாள் முழு இருட்டு கொடுக்கலாம், மென்பவளம் தாங்கும். இருட்டு முடிந்ததும் பாதி அளவில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள்.

## அறிகுறி 5: விளக்கு வேளை தவறி எரிகிறது

கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுத் தொட்டியில் ஜோவாந்தஸ் வாரக்கணக்கில் சுருங்கியே கிடந்தது. தண்ணீரில் எல்லா அளவும் சரி, விளக்கின் சதவீதமும் சரி. மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு விழித்தேன். நான்காம் முறை அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தபடி, "ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் இந்த வெளிச்சத்திலேயே வழி தெரிகிறது, தம்பி" என்றார். சுவரில் இருந்த பல்சக்கர டைமரைப் பார்த்தேன். பகல் பதினொன்றுக்கு அது விடியற்காலை ஐந்து என்று காட்டிக்கொண்டிருந்தது.

அந்த வகை டைமர் மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் நின்றால் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒரு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையிலேயே ஆறேழு மணி நேரம் பின்தங்கும். இன்னொரு வகை, விளக்குக்குள்ளேயே கடிகாரம் உள்ளது. உள் பேட்டரி தீர்ந்திருந்தால் மின்சாரம் திரும்பியதும் அது நள்ளிரவு 12 என்று நினைத்துக்கொள்ளும்.

சோதனை எளிது. விளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். மணி சரியாக இருக்கிறதா? இல்லையென்றால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரி இல்லாத வகை என்றால் பேட்டரி உள்ள மின்னணு டைமர் வாங்கி இடையில் மாட்டுங்கள். ஏற்ற இறக்கத்தைத் தானே செய்யும் விளக்குக்கு இந்த டைமர் ஒத்துவராது. அந்த விளக்கையும், அது வைஃபையில் இயங்குவதானால் ரௌட்டரையும் இன்வெர்ட்டர் இணைப்பில் கொடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

ஆசிரியர் வீட்டு ஜோவாந்தஸ் டைமர் மாற்றிய ஒன்பதாம் நாள் திறந்தது.

## அறிகுறி 6: சிமிட்டுகிறது, முனகுகிறது, ஒரு நிறம் மட்டும் எரியவில்லை

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் முனகினால்: சதுர அலை இன்வெர்ட்டர். விளக்கை அதிலிருந்து எடுத்துவிட்டுப் பம்பை மட்டும் கொடுங்கள். அல்லது சைன் அலை இன்வெர்ட்டர் வாங்க வேண்டும்.

குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டும் சிமிட்டினால்: மின்னழுத்தம் விழுகிறது. 190 வோல்ட்டுக்குக் கீழே போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அரை மணி நேரம் எரிந்துவிட்டு மங்கினால் அல்லது அணைந்தால்: விளக்கின் விசிறி நின்றிருக்கும். உப்புக் காற்று முதலில் தின்பது அதைத்தான். தூசியைத் துலக்குங்கள், சுழலவில்லை என்றால் அதே அளவு விசிறி வாங்கி மாற்றலாம்.

ஒரு நிறம் முழுவதும் அணைந்தால்: சரமாகக் கோத்த எல்.இ.டி.யில் ஒன்று போனாலும் சரம் முழுவதும் இருளும். சரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போயிருந்தாலும் அப்படித்தான். எது என்று கண்டுபிடிக்க இரண்டு சரங்களின் டிரைவரை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். உத்தரவாதக் காலம் இருந்தால் திறக்காதீர்கள். முடிந்திருந்தாலும் மின்னணு வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள். மின்சாரத்தை எடுத்த பிறகும் டிரைவருக்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

தண்ணீரில் கை வைத்தால் சுரீரென்றாலோ, மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தாலோ, பிளக் முனை கருகியிருந்தாலோ மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் வரும்வரை தொட்டிப் பக்கம் போகாதீர்கள். தொட்டிக்கு 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாத வீட்டில் நான் முதலில் அதைத்தான் மாட்டச் சொல்கிறேன்.

## அறிகுறி 7: நீண்ட மின்தடைக்குப் பிறகு

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் வீட்டில் ஐந்து நாள் மின்சாரம் இல்லை. முதல் இரவு முழுவதும், விளக்கு இல்லாமல் பவளம் என்ன ஆகுமோ என்றே தவித்தேன். அந்தத் தவிப்பு வீண். மென்பவளம் சில நாள் இருட்டைத் தாங்கும், அசையாத தண்ணீரைத்தான் தாங்காது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடத் தொடங்கியபோதுதான் எனக்கு அது உறைத்தது. நானும் என் மகளும் முறை போட்டுக்கொண்டு, அரை மணிக்கு ஒரு தடவை குவளையில் மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஐம்பது முறை ஊற்றினோம். விடிந்ததும் டார்ச் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கிடைத்தது. இப்போது அப்படிப்பட்ட இரண்டு பம்பு என் வீட்டில் எப்போதும் இருக்கிறது. புரட்டாசி முடியும்போது புதுப் பேட்டரி போட்டு வைப்பேன்.

மின்சாரம் வந்ததும் முதலில் பம்பு, பிறகு வடிகட்டி, அதன் பிறகே விளக்கு. வடிகட்டி ஒரு நாளுக்கு மேல் நின்றிருந்தால் உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டுங்கள். விளக்கை முதல் நாள் வழக்கத்தில் பாதி அளவில், ஐந்து மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி ஐந்தாம் நாளில் 9 மணி நேரத்துக்கு வரலாம். சதவீதம் அதற்குப் பிறகுதான் ஏற வேண்டும், மூன்று நாளுக்குப் பத்தாக. ஒரு வாரம் ஆகியும் ஜோவாந்தஸ் திறக்கவில்லை என்றால் விளக்கை அப்படியே விட்டுவிட்டு அம்மோனியாவை அளந்து பாருங்கள்.